திருப்பிப் போட்ட பேட்டரிக் கட்டை

மாலை ஆறு மணி நாற்பது நிமிடத்துக்கு மின்சாரம் போயிற்று. நேரம் இவ்வளவு சரியாக நினைவிருப்பதற்குக் காரணம் உண்டு. விளக்கு அணைந்தவுடன் கைக்கடிகாரத்தைப் பார்ப்பது என் வழக்கம். அரிக்கேனில் இருக்கும் மண்ணெண்ணெய் எத்தனை மணி வரை தாங்கும் என்று அப்போதுதான் சொல்ல முடியும். அன்றைக்கும் பார்த்தேன். ஜூலை மாத மழை காலையிலிருந்து விடாமல் பெய்ததில் அந்த நேரத்துக்கே வீட்டுக்குள் நன்றாக இருட்டியிருந்தது. திலக் நகரில் எங்கள் கட்டடமும் எதிர் வரிசையும் அதற்குப் பின்னால் செம்பூர்ப் பக்கம் முழுவதும் ஒன்றாக அணைந்தன. மாடியில் குழந்தைகள் வழக்கம்போல ஓவென்று கத்தின. நான் எழுந்து, எதையும் தடவாமல், எதிலும் இடறாமல், நாலு எட்டில் அலமாரியை அடைந்து முதல் குச்சியிலேயே விளக்கை ஏற்றினேன். உள்ளுக்குள் எனக்குப் பெருமையாக இருந்தது. அதையும் எழுதிவிடுகிறேன். பெருமையாகத்தான் இருந்தது.

அந்த நேரத்தில் என் மகள் மாட்டுங்காவில் அலுவலகத்திலிருந்து கிளம்பி, வண்டி மாறுவதற்காகக் குர்லாவில் நின்றுகொண்டிருந்தாள். இருபது வயது. ஒரு கம்பெனியில் டைப்பிஸ்ட். எங்களுக்கு ஒரே பிள்ளை. அவளுக்கு இருட்டில் கண் தெரியாது.

இது எங்களுக்குத் தெரியவந்தது அவளுடைய பன்னிரண்டாவது வயதில். மாலை மங்கும் நேரத்தில் தண்ணீர்ப் பானையில் இடித்துக்கொள்வாள், கதவு நிலையில் தோளை மோதிக்கொள்வாள். கவனமில்லாத பிள்ளை என்று நான் அடித்திருக்கிறேன். ஒருநாள் மாலை ஆராதனை முடிந்து திரும்பும்போது, என் கையை விட்டவள் நடைபாதை ஓரத்தில் நின்ற கைவண்டிமேல் நேராகப் போய் விழுந்தாள். பகலில் எறும்பின் காலைக்கூட எண்ணிவிடுவாள். பிறகுதான் கண் டாக்டரிடம் கொண்டுபோனோம். மீன் எண்ணெய் கொடுத்தார்கள், ஊசி போட்டார்கள், ஒரு வருடம் கழித்து இன்னொரு பெரிய டாக்டர், இது பிறவியிலேயே கண்ணின் பின்புறத்தில் இருக்கும் குறை, எண்ணெயால் மாறாது, வெளிச்சம் இருந்தால் பிள்ளை மற்றவர்களைப் போலத்தான், இருட்டில் மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள் என்றார். வெளிச்சம் இருந்தால் மற்றவர்களைப் போலத்தான் என்ற அந்த வாக்கியத்தை நான் பிடித்துக்கொண்டேன். வெளிச்சம்தானே வேண்டும், அதை நான் பார்த்துக்கொள்கிறேன் என்று நினைத்தேன்.

நான் தாராவியில் ஒரு தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் ஆசிரியை. என் கணவருக்கு டிராம்பே பக்கம் ஓர் ஆலையில் ஷிப்ட் வேலை. இருவரும் திருநெல்வேலிப் பக்கத்துக் கிறிஸ்தவர்கள். எங்கள் ஆட்கள் தாராவியிலும் செம்பூரிலும் கோவண்டியிலும் பரவியிருந்தாலும், ஒரு வீட்டில் இருமினால் மூன்று ஊரில் மருந்து சொல்வார்கள். பெண் பிள்ளைக்கு மாலைக்கண் என்று ஒருவருக்குத் தெரிந்தால் போதும், வரன் கேட்டு ஒருவரும் படியேற மாட்டார்கள். ஆகவே மறைத்தோம். மறைத்தேன் என்பதுதான் சரி. அவருக்கு அதில் இஷ்டமில்லை. பெற்றவள் சொல்கிறாள் என்று பேசாமலிருந்தார். என் சொந்தத் தங்கைக்குக்கூட நான் சொல்லவில்லை.

மறைப்பதற்கு வெளிச்சம் நிறைய வேண்டியிருந்தது. எங்கள் வீட்டைப்போல விளக்குகள் தயாராக இருந்த வீடு அந்தக் கட்டடத்தில் கிடையாது. அரிக்கேன் இரண்டு. திரியின் இரண்டு முனைகளையும் லேசாகக் கத்தரித்துவிடுவேன். இல்லாவிட்டால் சுடர் கொம்பு விட்டுப் புகை அடிக்கும். கண்ணாடியைச் சாம்பல் தொட்டுத் துடைத்து, பிறகு பழைய செய்தித்தாளால் துடைப்பேன். எண்ணெய் முக்கால் அளவு, அதற்கு மேல் ஊற்றினால் நகர்த்தும்போது சிந்தும். மெழுகுவத்திகளை இரண்டாக நறுக்கித் தகர டப்பாவில் நிறுத்திவைப்பேன். மே மாத வெயிலில் முழு மெழுகுவத்தி வளைந்து ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். தீப்பெட்டி மூன்று இடங்களில். மழைக்காலத்தில் குச்சி நமுத்துப் போகாமலிருக்க அரிசி போட்ட டப்பாவுக்குள் இருக்கும். குளியலறை வாசலில் ஒரு சின்னத் தகர விளக்கு. சனிக்கிழமை தோறும் எல்லாவற்றையும் இறக்கிப் பார்த்துத் திரும்ப வைப்பேன்.

எதிர் வீட்டில் பாலக்காட்டு மாமி ஒருத்தர். கதவைத் திறந்தே வைத்திருப்பார். "என்ன டீச்சர், மெழுகுவத்திக்கெல்லாம் டிரில் எடுத்தாச்சா?" என்பார். ஒரு மாதம் மின்சாரமே போகாமலிருந்தபோது, "பாவம், டீச்சருக்கு ஏமாத்தமா இருக்கு. நான் வேணா மெயினை அணைச்சுட்டு வரட்டுமா?" என்று கேட்டார். நானும் சிரித்தேன். பயந்த சுபாவம் என்று அவர் நினைத்துக்கொண்டால் நல்லது என்று எனக்குத் தோன்றியது. யாருக்காக என்று அவர் கேட்காதவரை எதுவும் நல்லதுதான்.

வீட்டுக்கு விளக்கு என்றால் வெளியே போக டார்ச். மழைக்காலம் தொடங்கினால் என் கணவர் பையில் ஒன்று, என் பையில் ஒன்று, மகள் பையில் ஒன்று. மூன்று பேரும் வைத்திருந்தால் அவள் ஒருத்தி வைத்திருப்பது யார் கண்ணிலும் படாது. சாதாரண நாட்களில் தெரு விளக்கும் கடை விளக்கும் அவளுக்குப் போதும். ஸ்டேஷனிலிருந்து வீடு வரை எங்கே பள்ளம், எங்கே படி என்று மனப்பாடமாகத் தெரியும். அப்படியிருந்தும் அவரோ நானோ செம்பூர் ஸ்டேஷனுக்குப் போய், தற்செயலாகச் சந்தைக்கு வந்தவர்களைப் போல அவளோடு திரும்புவோம். கையில் வெண்டைக்காய்ப் பை இருக்கும். ஒருநாள்கூட அந்தப் பையை மறந்ததில்லை.

இனி அந்தக் கட்டையைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

ஊருக்குப் போகும் நீண்ட ரயில் பயணங்களில் டார்ச்சைப் பெட்டிக்குள் வைக்கும்போது எங்கள் பக்கத்தார் ஒன்று செய்வார்கள். உள்ளே இருக்கும் இரண்டு பேட்டரிக் கட்டைகளில் பின்னால் உள்ளதைத் தலைகீழாகத் திருப்பிப் போட்டு மூடிவிடுவார்கள். பெட்டிக்குள் துணிமணி நெருக்கி விசை அழுந்தினாலும் டார்ச் எரியாது, கட்டை வீணாகாது. இறங்குகிற ஊர் வந்ததும் திரும்ப நேராக்கிக்கொள்ளலாம். அவள் வேலைக்குச் சேர்ந்த முதல் மழைக்காலத்தில் பைக்குள் டிபன் டப்பா இடித்து விசை அழுந்தி, பகல் முழுக்க டார்ச் பைக்குள்ளேயே எரிந்திருக்கிறது. மாலையில் எடுத்தால் சிவப்பாக ஒரு பொட்டு மட்டும். அன்றைக்கு ஸ்டேஷன் படியிலேயே நின்றுவிட்டாள். அவர் போய்க் கூட்டி வந்தார். அன்றிலிருந்து நான் விதி போட்டேன்: பையில் இருக்கும் டார்ச்சில் பின் கட்டை எப்போதும் திருப்பித்தான் இருக்க வேண்டும்.

அவள் சிரித்தாள். "எம்மா, கள்ளன் வந்தா, அண்ணாச்சி கொஞ்சம் பொறுத்துக்கிடுங்க, கட்டையத் திருப்பிப் போட்டுக்கிடுதேன்னு சொல்லணுமா?"

"கள்ளன் வந்தா டார்ச்சாலயே மண்டையில ஒண்ணு போடு. வேற எதுக்கு அத வச்சிருக்க?" என்றேன்.

ஆனால் பழக்கினேன். கட்டிலில் உட்காரவைத்து, கண்ணை மூடச் சொல்லி, மூடியைக் கழற்றி, கட்டையை எடுத்துத் திருப்பி, மூடியைப் போட்டு, விசையை அழுத்துவது வரை நான் எண்ணுவேன். முதலில் இருபது வந்தது. பிறகு பன்னிரண்டு. ஒரு ஞாயிற்றுக்கிழமை ஒன்பதில் முடித்துவிட்டு, வெளிச்சத்தை என் முகத்தில் அடித்து, "போதுமா டீச்சர்?" என்றாள். எனக்குப் போதும் என்று தோன்றியது. உலர்ந்த கையோடு, கட்டிலில் உட்கார்ந்து, மடியில் சேலை விரித்துக்கொண்டு செய்ததற்கு நான் மதிப்பெண் போட்டுவிட்டேன். அந்த மூடிக்குள் ஒரு ஸ்பிரிங் இருக்கிறது. மூடி கழன்றதும் அது கட்டையை வெளியே தள்ளும். மடியில் விழுந்தால் எடுத்துக்கொள்ளலாம்.

அந்த வருடம் தைமாதத்திலிருந்து ஒரு வரன் பேசிக்கொண்டிருந்தோம். நல்ல குடும்பம், பையனுக்கு ஆபீஸ் வேலை. மழை விட்டதும் வந்து பார்ப்பதாகச் சொல்லியிருந்தார்கள். அந்தச் சமயத்தில்தான் ஒருநாள் அவள் கேட்டாள், காய் நறுக்கிக்கொண்டிருந்த என் முகத்தைப் பார்க்காமல்.

"எம்மா, ஆபீஸ்ல ஒருத்திகிட்டயாவது சொல்லிக்கிடட்டுமா? வண்டியில கூட வாரவ யாருகிட்டயாவது. ஒரு அவசரம்னா."

"வேண்டாம். ஒன் கல்யாணம் முடியட்டும், பிறகு ஊரக் கூட்டிச் சொல்லு."

"அப்ப அந்த மாப்பிள்ளைகிட்ட?"

நான் அடுத்த காயை எடுத்து நறுக்கத் தொடங்கினேன். அவளும் மறுபடி கேட்கவில்லை. சொன்ன சொல்லைக் காப்பாற்றுகிற பிள்ளை.

மின்சாரம் போன அன்றைக்கு என் கணவருக்கு இரண்டாவது ஷிப்ட், பத்தரைக்குத்தான் வருவார். நான் வீட்டில் ஒரு அரிக்கேனைத் தணித்து வைத்துவிட்டு, இன்னொன்றை எடுத்துக்கொண்டு குடையோடு ஸ்டேஷனுக்குப் போனேன். மாமி வாசலில் நின்று, "இந்த மழையில சந்தை ஏது டீச்சர்?" என்று கேட்டார். வெண்டைக்காய்ப் பை அன்றைக்கும் கையில் இருந்தது. சிரித்துவிட்டு இறங்கினேன்.

ஸ்டேஷனில் வண்டி இல்லை. பிளாட்பாரம் முழுக்க ஈரத் துணியும் பீடிப் புகையுமாகக் கூட்டம். முக்கால் மணி நேரம் நின்றேன். குர்லாவில் தண்டவாளத்தில் தண்ணீர் ஏறிவிட்டது, அங்கிருந்து இந்தப் பக்கம் ஒரு வண்டியும் விடவில்லை என்று காத்திருந்தவர்களில் ஒருவர் சொன்னார். அவருக்கு யார் சொன்னார்களோ தெரியாது. ஒருவர் சொன்னதை அடுத்தவர் சொன்னார், அவர் சொன்னதை மற்றவர் சொன்னார், கடைசியில் எல்லாருக்கும் தெரிந்த செய்தியாகிவிட்டது. கூட்டம் கலைந்தது.

எனக்கு நிம்மதியாக இருந்தது. ஏனென்றால் அதற்கும் வீட்டில் ஒரு விதி இருந்தது. இந்தப் பக்கம் வண்டி நின்றால் குர்லாவில் காத்திருக்கக் கூடாது. மாட்டுங்காவிலிருந்து வந்த அதே பெரிய லைனில் வண்டியைப் பிடித்து சயானுக்குத் திரும்பி, தாராவியில் சித்தி வீட்டுக்குப் போய்விட வேண்டும். என் தங்கை வீடு ஸ்டேஷனிலிருந்து வெளிச்சமான சாலையிலேயே பத்து நிமிடம். அதற்கு முந்தின மழைக்காலத்தில் இரண்டு தடவை அப்படியே செய்திருக்கிறாள். காலையில் சித்தி வீட்டு ஆப்பத்தைத் தின்றுவிட்டு, நேராக அலுவலகம் போய், மாலையில் வீட்டுக்கு வந்து என்னைக் கேலி செய்திருக்கிறாள். ஆகவே இந்நேரம் அவள் தங்கையின் வீட்டில் தலை துவட்டிக்கொண்டிருப்பாள் என்று எனக்குத் தெரிந்தது. தெரிந்தது என்றுதான் எழுத வேண்டியிருக்கிறது. சந்தேகமே இல்லாமல் தெரிந்தது.

திரும்பி வந்து சமைத்தேன். மாமி வீட்டில் மெழுகுவத்தி தீர்ந்துவிட்டதென்று நாலு துண்டு கொடுத்தேன். என் கணவர் பத்தரைக்கு மேல் நனைந்து வந்து, "பிள்ள எங்க?" என்று கேட்டபோது, வண்டி இல்லை, தங்கச்சி வீட்டுக்குப் போயிருப்பா என்றேன். அவர் சற்று நேரம் ஜன்னல் பக்கம் நின்றார். போய்ப் பார்க்கட்டுமா என்றார். இந்த மழையில் எப்படிப் போவீர்கள், எதற்காகப் போவீர்கள் என்று நான்தான் சாப்பிட உட்காரவைத்தேன். அவள் வேலைக்குப் போகத் தொடங்கிய பிறகு, மழை பெய்யும் இரவுகளில் நான் அயர்ந்து தூங்கியதே இல்லை. அன்று தூங்கினேன். அவளைப் பற்றிப் பயப்படாமல் நான் தூங்கிய ஒரே மழை இரவு அதுதான்.

காலையில் மழை ஓய்ந்திருந்தது. வண்டிகள் சரியாக ஓடாததால் பஸ்ஸிலும் நடையிலுமாக நான் தாராவி போய்ச் சேரும்போது பத்து மணி. பள்ளிக்கூடத்துக்குள் தண்ணீர் நின்றது, விடுமுறை விட்டிருந்தார்கள். சரி, தங்கையைப் பார்த்துவிட்டுப் போகலாம், பிள்ளை மாற்றுப்புடவைக்கு என்ன செய்தாளோ என்று அந்தச் சந்துக்குள் திரும்பினேன். தங்கை வாசலில் தண்ணீரை விளக்குமாற்றால் தள்ளிக்கொண்டிருந்தாள். என்னைக் கண்டதும் நிமிர்ந்து சிரித்தாள்.

"என்னக்கா, இந்தத் தண்ணிக்குள்ள ஒத்தையில வந்து நிக்க? பிள்ள நேத்து நல்லபடியா வீடு வந்து சேந்தாளா?"

அதற்குப் பிறகு நடந்தவற்றை நான் வரிசையாக எழுத முடியாது. தங்கை என்னை உட்காரவைத்தது நினைவிருக்கிறது. எதிர் வீட்டு வானொலியில் பாட்டு ஓடிக்கொண்டிருந்ததும் நினைவிருக்கிறது. மகளுடைய அலுவலகத்துக்குப் போனது யார், என் கணவருக்குச் சொன்னது யார், எதுவும் தெரியாது. பிற்பகல் மூன்று மணிக்கு அவரும் தங்கையின் கணவரும் ஓர் ஆஸ்பத்திரியின் பின்கட்டில் அவளைப் பார்த்தார்கள்.

குர்லாவிலிருந்து ஒரே ஒரு வண்டி புறப்பட்டிருந்தது. அதில் அவள் ஏறியிருக்கிறாள். எங்கள் திலக் நகருக்கு எதிரே வரும்போது தண்ணீரில் நின்றுவிட்டது. வண்டிக்குள்ளும் விளக்கு இல்லை. ஒரு மணி நேரத்துக்கு மேல் உட்கார்ந்து பார்த்துவிட்டு ஆட்கள் இறங்கித் தண்டவாளத்தின் ஓரமாக நடந்திருக்கிறார்கள். அந்த இடத்தில் ஒரு நாலா ஓடுகிறது. கோடையில் சாக்கடை, மழையில் ஆறு. காலையில் தண்டவாளம் பார்க்க வந்த ஆட்கள் அங்கே அவளைக் கண்டிருக்கிறார்கள். எங்கள் கட்டடத்து மொட்டை மாடியில் நின்றால் அந்த இடம் தெரியும்.

பை அவள் தோளிலேயே இருந்ததாம். பையை என்னிடம் கொடுத்தார்கள். டிபன் டப்பா, சீப்பு, பாஸ், டார்ச். டார்ச்சுக்குப் பின் மூடி இல்லை. உள்ளே கட்டையும் இல்லை. வெறும் குழலாக, தண்ணீர் வடிந்துகொண்டு இருந்தது. அவரும் அதைப் பார்த்தார், நானும் பார்த்தேன். என்ன நடந்திருக்கும் என்று இருவருக்கும் ஒரே கணத்தில் புரிந்தது. முழங்கால் தண்ணீரில், மழையில், இருட்டில் நின்று என் பிள்ளை மூடியைக் கழற்றியிருக்கிறாள். எத்தனை வரை எண்ணினாளோ.

அவர், அடக்கம் முடிந்த மறுநாள் ஷிப்டுக்குக் கிளம்பும்போது, தன் டார்ச்சைத் திறந்து, கட்டையை நேராகத் திருப்பிப் போட்டு, ஒருமுறை எரித்துப் பார்த்துவிட்டுப் பையில் வைத்துக்கொண்டார். என் முன்னால்தான் செய்தார். என்னைக் குத்த வேண்டுமென்று செய்யவில்லை. அடுக்களையைத் தவிர அந்த வீட்டில் இருந்தது ஒரு அறைதான். செய்வதற்கு வேறு இடமில்லை.

துக்கத்துக்கு வந்தவர்கள் எல்லாரும் ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள். அத்தனை பேர் நடந்து போன வழியில் இவள் மட்டும் எப்படி? வண்டியிலிருந்து இறங்கியவர்களில் கிழவர்கள் இருந்தார்கள், கைக்குழந்தைக்காரிகள் இருந்தார்கள், எல்லாரும் வீடு சேர்ந்திருக்கிறார்கள். கால் வழுக்கிவிட்டது என்று சொன்னேன். வரன் பேசிய வீட்டார் வந்தார்கள். அந்தத் தாயார் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார்கள். அவர்களிடமும் கால் வழுக்கிவிட்டது என்றுதான் சொன்னேன். போதகர் கேட்டார், அவரிடமும் அதையே. இனி யாருக்காக மறைக்கிறேன் என்று எனக்கே தெரியவில்லை. கட்டிக்கொடுக்கப் பெண் இல்லை. ஆனாலும் நாக்கு அந்த வழியிலேயே பழகியிருந்தது. உண்மையைச் சொன்னால், எட்டு வருடம் மறைத்து வைத்தேன் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அதற்கு எனக்குத் துணிவில்லை. என் கணவர் ஒவ்வொரு முறையும் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

சனிக்கிழமைகள் வந்தன. நான் அலமாரியை இறக்கவில்லை. ஒருநாள் மாலை மின்சாரம் போனது. நாங்கள் இருவரும் இருட்டிலேயே உட்கார்ந்திருந்தோம். மாமி மெழுகுவத்தி கேட்டு வந்து, வாசலில் நின்று பார்த்துவிட்டு, ஒன்றும் கேட்காமல் திரும்பிப் போனார். பிறகு அவரே எங்கிருந்தோ ஒன்றை வாங்கிக் கொண்டுவந்து எங்கள் வீட்டில் ஏற்றி வைத்தார்.

இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை, கோவில் முடிந்து வந்திருந்தோம். தங்கை வந்திருந்தாள். மாமி காபி கொண்டுவந்திருந்தார். அப்போது ஒரு அம்மாள் கதவருகில் வந்து நின்றாள். என்னைவிடச் சில வயது மூத்தவளாக இருப்பாள். கையில் வெறும் பூக்கூடை. இது டைப்படிக்கிற பிள்ளை வீடுதானா என்று கேட்டாள். தான் கோவண்டியில் குடியிருப்பதாகவும், மாட்டுங்காவில் பூ விற்பதாகவும், தினமும் அதே பெண்கள் பெட்டியில் வருவதாகவும் சொன்னாள். முகம் தெரியும், பேர் தெரியாது, ஸ்டேஷனில் விசாரித்து விசாரித்து அன்றைக்குத்தான் வீட்டைக் கண்டுபிடித்திருக்கிறாள். உட்காரச் சொன்னோம். நாற்காலியில் உட்காராமல் சுவரோரமாகத் தரையில் உட்கார்ந்தாள்.

அவள் சொன்னது இதுதான். வண்டி நின்றபோது பிள்ளை அவளுக்கு எதிரே உட்கார்ந்திருந்தாள். மற்றவர்கள் இறங்கியபோது பிள்ளை இறங்கவில்லை. கடைசி வரை இருந்தாள். தனியாக இருக்க வேண்டாம் என்று இவள்தான் வற்புறுத்தி, உயரமான படியிலிருந்து கைகொடுத்து இறக்கிவிட்டாள். கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு இவள் முன்னால் நடக்க, பிள்ளை பின்னால் வந்தாள். கொஞ்ச தூரத்தில் பின்னால் ஏதோ தண்ணீரில் விழுந்த சத்தம் கேட்டது. திரும்பினால் பிள்ளை குனிந்து தண்ணீருக்குள் இரண்டு கையாலும் துழாவிக்கொண்டிருந்தாள். என்ன தேடுகிறாய் என்று கேட்டதற்கு, ஒன்றுமில்லை அக்கா, நீங்கள் முன்னால் போங்கள், நான் பின்னாலேயே வருகிறேன் என்றாள். சிரித்த குரலாகத்தான் இருந்ததாம். வீட்டில் பேரக்குழந்தைக்குக் காய்ச்சல், இவளுக்கு அவசரம். அப்படியே நடந்துவிட்டாள். வளைவில் திரும்பிப் பார்த்தபோது மழையில் ஒன்றும் தெரியவில்லை; பின்னால் வந்தவர்களோடு சேர்ந்திருப்பாள் என்று நினைத்தாள்.

"அந்த இடத்துல நாலா ஓரம் எங்களுக்கெல்லாம் தெரிஞ்சுதே தாயி. தண்ணி வெள்ளையா ஓடுனது இருட்டுலயும் தெரிஞ்சுது. அந்தப் பிள்ள எப்படி நேரா அதுக்குள்ள போச்சுன்னுதான் எனக்குத் தூக்கம் வரல. நான் ஏதும் கோவமாப் பேசிட்டனா, நம்ம கூட வர வேண்டாம்னு நின்னுட்டாளோன்னு நெனச்சு நெனச்சுப் பாக்கேன்."

அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். கால் வழுக்கிவிட்டது என்று சொல்ல நான் வாயைத் திறந்தேன். தங்கை இருந்தாள், மாமி இருந்தார். இந்த அம்மாள் பன்னிரண்டு நாளாகத் தூங்காமல், தன் மேல் குற்றம் தேடிக்கொண்டு, அலைந்து விசாரித்து வந்திருக்கிறாள்.

"அவளுக்கு இருட்டுல கண்ணு தெரியாது. சின்னதுலேருந்தே. யாருகிட்டயும் சொல்லக் கூடாதுன்னு நான்தான் சொல்லி வச்சிருந்தேன்."

மாமி கையிலிருந்த டம்ளரைத் தரையில் வைத்தார். தங்கை, "அக்கா" என்று மட்டும் சொன்னாள். என் கணவர் முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டார்.

பூக்கார அம்மாள் கூடையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு, சத்தமில்லாமல், என்னைக் கடிந்துகொள்ளாமல் சொன்னாள்:

"என் கை ரெண்டடி தூரத்துலதான இருந்துச்சு தாயி. கேட்டிருந்தா குடுத்திருப்பம்லா."